கால் சுற்று

எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு வார்த்தை கூடப் பேசினால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பேன். அப்படிப்பட்ட வாய், பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் "தொடல சார்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அந்த இரண்டு வார்த்தையால் ஒரு மனுஷிக்கு மூச்சு போய்க்கொண்டிருக்கிறது. எழுதினால் பாரம் குறையும் என்று யாரோ சொன்னார்கள். குறைகிற மாதிரி தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை. அவர்கள் முஸ்லிம், ஜங்ஷன் ரோட்டுக்குப் பின்னால் வீடு. நாங்கள் பெண்ணாடம் ரோட்டில் கரும்பு போடுகிற குடும்பம். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில், கரண்டுக் கம்பத்தில் மாட்டும் பீங்கான் செய்கிற இடத்தில், எங்களுக்குப் பழக்கம். நான் காய வைக்கிற பலகையில் இருந்தேன். அவள் காய்ந்ததைத் தேய்த்துப் பிசிறு எடுக்கிற இடத்தில். தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூசி பறக்கும். சாயங்காலம் அவள் புர்காவை மாட்டும்போது கண் இமை வரைக்கும் வெளுத்திருக்கும். பதினோரு வருஷம் அந்தத் தூசியைத் தின்றாள்.

பிறகு இருமல் வந்தது. முதலில் சளி என்றாள், பனி என்றாள். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் தூசி படிந்துவிட்டது, இனி மண் தூசி இருக்கிற பக்கமே போகக்கூடாது, போனால் என்னைக் கேட்காதே என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் எங்களை மாதிரிப் பெண்களுக்குத் தூசி இல்லாத வேலை எங்கே இருக்கிறது? வீட்டுக்காரர் கத்தாரில். போன் தவறாமல் வரும். பணம்தான் எப்போதாவது வரும். பெண் பிளஸ் டூ படிக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் புதிதாக ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார்கள். பீங்கான்தான், ஆனால் வேறு மாதிரிப் பீங்கான். செருப்பை வெளியே கழற்றி, தலைக்குத் தொப்பி, மேலுக்குக் கோட்டு, வாய்க்கு மாஸ்க் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள். ஒரு துளி தூசி விழுந்தால் அங்கே செய்கிற பீங்கான் ஷீட்டு போச்சு. அக்கா எப்படியோ அலைந்து அங்கே சேர்ந்துவிட்டாள். மூன்று மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. "ஷீட்டுக்கும் தூசி ஆகாதாம்டி, எனக்கும் ஆகாது. பொருத்தம் பாத்துக் கட்டி வெச்சாப்ல இருக்குது," என்று சிரிப்பாள். ஒரு வருஷம் கழித்து முதலாளியிடம் சொல்லி என்னையும் அங்கே கொண்டுவந்து விட்டாள். "அவ கை சுத்தம் சார், நான் பொறுப்பு," என்றாளாம். கேட்டவுடன் எனக்குத் தலை கால் புரியவில்லை.

அங்கே செய்கிற வேலையைச் சொன்னால்தான் நான் செய்த காரியம் புரியும். பீங்கான் பொடியைப் பசையோடு பால் மாதிரி அரைத்து, ஓடுகிற பிளாஸ்டிக் தாளின் மேல் ஊற்றி, ஒரு பிளேடால் மெல்லிசாக வழித்துவிடுவார்கள். காய்ந்து உரித்தால் வெள்ளை ஃபிலிம். தொட்டால் ரப்பர் போலக் கொஞ்சம் இழுபடும். அதை நோட்டுத் தாளில் பாதி அளவுக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, ரேக்கில் ஒரு நாள் சும்மா கிடக்க விடுவார்கள். மறுநாள் துளை போட்டு, துளைக்குள் வெள்ளிப் பசையை நிரப்பி, மேலே வெள்ளியால் கோடு கோடாகக் கரண்டு ஓடும் வழியை அச்சடிப்பார்கள். அப்படி எட்டு ஷீட். எட்டும் நான்கு ஊசிகளில் கோத்து ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வேண்டும். மேல் ஷீட்டின் வெள்ளிப் புள்ளி கீழ் ஷீட்டின் வெள்ளிப் புள்ளிமேல் கச்சிதமாக விழ வேண்டும். தலைமுடியில் பாதி விலகினாலும் போச்சு, கரண்டு கீழே இறங்காது. சூடாக அழுத்தி, துண்டு போட்டு, சூளையில் சுட்டு எடுத்தால் நகத்தளவு சில்லு. ஏதோ சென்சாருக்குள் போகிறதாம்.

ஷீட்டுகளை ரேக்கில் அடுக்கி ஒரு நாள் பார்த்துக்கொள்வது என் வேலை. மறுநாள் அக்கா ரேக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வலது மேல் மூலையைத் துளியூண்டு வெட்டித் துளை மெஷினில் வைப்பாள். அந்த வெட்டின மூலைதான் ஷீட்டு எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். அவள் வெட்டுகிறவரைக்கும் சதுரத்துக்கு அடையாளம் எதுவும் கிடையாது. நாலு பக்கமும் ஒரே மாதிரி.

மண் கம்பெனியில் ஈரப் பீங்கான் பலகையில் காயும்போது காற்றுப் படுகிற பக்கம் முதலில் காய்ந்து கோணிக்கொள்ளும். அதனால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி வைப்போம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பலகையைத் தாண்டிப் போகிறவள் போகிற போக்கில் திருப்பிவிட்டுப் போவாள். என் பலகையில் மட்டும் கோணல் விழாது என்று அங்கே எனக்குப் பேர். அந்தப் பேர் என் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

புது இடத்தில் ரேக்குக்கு ஒரு பக்கம்தான் ஏசி காற்று. அந்தப் பக்கத்து ஷீட்டுகளின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. தூக்கினதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கால் சுற்றுத் திருப்பி வைத்தேன். குழந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி, நகம் படாமல், அத்தனை பதமாக. யாரிடமும் கேட்கவில்லை. தோசையைத் திருப்பட்டுமா என்று யாராவது கேட்பார்களா? மத்தியானத்துக்குள் எல்லா ஓரமும் படிந்து அழகாக இருந்தது. நானே என் கையை மெச்சிக்கொண்டேன். நாசமாய்ப் போன கை.

ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று மூன்று முறை வரை சாம்பிள் அனுப்பலாம் என்றிருந்தது. மூன்றில் ஒன்றாவது தேறினால்தான் ஆர்டர். முதல் சாம்பிள் தேறவில்லை. முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். இரண்டாவதற்கு நான் இன்னும் கவனமாக இருந்தேன். இன்னும் நிறையத் திருப்பினேன். அதுவும் திரும்பி வந்தது, முதலைவிட மோசமாக.

ஒரு நாள் காலையில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். பக்கத்தில் எஞ்சினியர், சேலத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு ராத்திரி தூங்காத முகம். அவர் ஒரு சில்லைக் குறுக்கே அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். வெள்ளிப் புள்ளிகள் எட்டும் ஒரு தூணாக நிற்க வேண்டும். ஐந்து நின்றது, மூன்று தள்ளிப் போயிருந்தது.

"ஃபிலிம் ஓடி வர்ற பக்கமா கொஞ்சம் கூடுதலாச் சுருங்கும்," என்றார். "எட்டு ஷீட்டும் ஒரே பக்கம் பாத்து இருந்தா எட்டும் ஒண்ணாச் சுருங்கும், பிரச்சனையே இல்ல. ஒண்ணு குறுக்கால திரும்பியிருந்தா அது தனி வழியில சுருங்கும். இங்க எட்டுல மூணு திரும்பியிருக்குது."

நான் அந்த மூன்றையும் பார்த்தேன். என் விரல் அதைத் திருப்பியது எனக்கே தெரிந்தது.

"மூலை வெட்டறது நீங்கதானேக்கா?" என்று எஞ்சினியர் அக்காவிடம் கேட்டார்.

"ஆமா சார். ரேக்குல இருக்கறத அப்படியே எடுத்து வலது கைப்பக்கம்தான் வெட்டறேன். மாத்தி வெட்டலையே சார்."

"அப்ப ஷீட்டு தானா எழுந்து திரும்பிப் படுத்துக்குதா?" என்றார் முதலாளி.

எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். "ரேக்குல வெச்சதுக்கு அப்பறம் நீங்க யாராச்சும் தொட்டீங்களா?"

"தொடல சார்," என்றேன்.

அவ்வளவுதான். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. கரும்பு வெட்டிப் பணம் வரும்வரை வீட்டில் என் சம்பளம்தான், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், இதெல்லாம் பிறகு நானே தேடிப் பிடித்த சாக்கு. அந்த நிமிஷத்தில் இருந்தது பயம். பயத்தோடு இன்னொன்றும். என் கையால் கெட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அக்கா எனக்காகப் பேசினாள். "அவ தொடமாட்டா சார். அவள நான்தானே கூட்டியாந்தேன்." அய்யோ, அன்றைக்கு அவள் என்னைச் சும்மா விட்டிருக்கக்கூடாதா?

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. "ரொம்ப நாளா இருக்கறீங்கம்மா, போகச் சொல்ல மனசு வரல. பவுடர் ரூமுக்குப் போயிடுங்க. சலிக்கிற வேலைதான்," என்றார்.

பவுடர் ரூம் என்பது நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு நுழைகிற ரூமுக்கு வெளியே, பின்பக்கம். மூட்டை பிரித்துப் பொடியைக் கொட்டிச் சலித்து எடை போட்டு அரைக்கக் கொடுக்கிற இடம். கண்ணுக்குத் தெரியாத நைஸ் பொடி. மண் கம்பெனித் தூசியாவது கண்ணுக்குத் தெரியும்.

"எனக்குத் தூசி ஆகாதுங்க சார். டாக்டரு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"மாஸ்க்கு போட்டுக்கங்கம்மா. நான் வேற என்ன செய்யட்டும்? மூணாவது சாம்பிளும் போச்சுன்னா எல்லாருமே வூட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அவள் தலையாட்டினாள். நான் அப்போதாவது பேசியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மேல் என்ன நடந்தது தெரியுமா? அவள் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். கை சுத்தமாம்! போகிறதற்கு முன்னால் அக்காவே பக்கத்தில் நின்று எனக்கு மூலை வெட்டச் சொல்லிக் கொடுத்தாள். "கத்தரிய இப்படிப் புடிடி. நான் எங்கியோ அசந்து மாத்தி வெட்டியிருக்கேன் போல. எங்கன்னுதான் புடிபடல. நீயாவது பாத்து வெட்டு." அவள் விரல் என் விரல்மேல் இருந்தது. எனக்குக் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம் போல இருந்தது.

என் பழைய இடத்துக்கு வேப்பூரிலிருந்து ஒருத்தி வந்தாள். அதுவரை துணிக்கடையில் இருந்தவள், மண்ணையே தொட்டதில்லை. ஷீட்டை அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஓரம் தூக்கினாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். தூக்கின ஓரம் துளை மெஷினில் தானாகப் படிந்துவிடும் என்பதை அப்போதுதான் நான் பார்த்தேன்.

தினமும் ஒரு கணக்குப் போட்டேன். மூன்றாவது சாம்பிள் போகட்டும், சொல்லிவிடுகிறேன். இப்போது சொன்னால் எல்லோரும் குழம்பிப்போவார்கள், அதனால் அப்புறம். இப்படியே பதினெட்டு நாள் போயிற்று. பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். முதல் வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அப்புறம் தொடர்ந்து. துப்பட்டாவை இரண்டாக மடித்து மாஸ்க்குக்கு மேல் கட்டியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பாதிச் சோற்றில் டப்பாவை மூடுவாள், மெல்லுவதற்கும் மூச்சு விடுவதற்கும் சேர்ந்தாற்போல் முடியவில்லை என்பாள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

மூன்றாவது சாம்பிள் தேறிவிட்டது. முதலாளி ஸ்வீட் வாங்கி வந்தார். "பாத்தீங்களா? ஆள மாத்துனதும் எப்படி நேராச்சு!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் திருப்புவதை நிறுத்தியதால் தேறிய சாம்பிள், அக்கா போனதால் தேறியதாக ஆகிவிட்டது. இனி யார் எதைச் சொன்னாலும் அவள்தான் குற்றவாளி. பவுடர் ரூம் வாசலில் நின்றபடி அக்காவும் ஒரு துண்டு ஸ்வீட் எடுத்துக்கொண்டாள். "கம்பெனி பொழச்சுதே, அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். என்னைப் பார்த்து, "நல்லா வெட்டியிருக்கடி," என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை முதலாளி ரூமுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ரேக்கில் நான் திருப்பி வைத்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தப்பு என்னோடது, அக்காவை உள்ளே எடுங்கள், என்னைப் பவுடர் ரூமுக்கு அனுப்புங்கள் என்றேன்.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்றார்.

"காரணம் கேட்டு ஓசூர்க்காரன் எழுதியிருந்தான். மூலை வெட்டற எடத்துல தப்பு, ஆள மாத்தியாச்சுன்னு எழுதி அனுப்பியாச்சு. அத நம்பித்தான் ஆர்டரு குடுத்திருக்கான். இப்ப அது இல்ல காரணம், இதுன்னு போயி நின்னா, நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவியான்னு கேப்பான். அடுத்த வாரம் நேருல பாக்க வேற வரான். அந்தம்மா அதே நாற்காலியில இருந்தா நான் என்ன பதில் சொல்ல? ஒரு ஆறு மாசம் போவட்டும்."

"ஆறு மாசத்துல அவங்க செத்துருவாங்க சார்!" என்று கத்திவிட்டேன். வெளியே மெஷினில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாத," என்றார் மெதுவாக. "இந்தக் கத்தல அன்னைக்குக் கத்தியிருக்கணும். போ, போயி வேலையப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் பெண் கதவைத் திறந்துவிட்டு டியூஷனுக்குக் கிளம்பிப் போனாள். அக்கா ஃபேனை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெள்ளைக் காகிதம். மகளின் பழைய நோட்டிலிருந்து கிழித்த தாள்களைச் சதுரமாக மடித்து வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை நறுக்கிக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தாள்.

"வாடி, வாடி. இங்க வந்து பாரு," என்று இழுத்து உட்கார வைத்தாள். பேசும்போதே மூச்சு இழுத்தது. "ராவும் பகலுமா இதே யோசன. எந்த எடத்துல என் கை மாறுதுன்னு பாத்துரணும்னு, லீவு நாள்ல எல்லாம் வெட்டி வெட்டிப் பாக்கறேன். பேசிக்கிட்டே வெட்டினேன். டிவி பாத்துக்கிட்டே வெட்டினேன். கண்ண மூடிக்கிட்டுக்கூட வெட்டினேன். ஒண்ணுகூட மாறலடி. அங்க மட்டும் எப்படி மாறிச்சு? எனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

ஒரு காகிதக் கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். எல்லாம் வலது மேல் மூலை. விளிம்பு விளிம்போடு ஒட்டி நின்றது.

"உன் கை மாறலக்கா," என்றேன். "நான்தான் ரேக்குல திருப்பினேன். மண் கம்பெனியில திருப்பற மாதிரி. ஓரம் தூக்கிச்சுன்னு."

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவளும் அந்தப் பலகைகளைத் தாண்டி நடந்தவள்தானே. முகம் தெளிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அவள் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது. "அதான பாத்தேன்!" என்று தொடையில் தட்டினாள். "அடிப் பாவி, திருப்பிட்டியா? என் கையி இல்லயா அப்ப? யா அல்லாஹ், நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். உனக்கென்னடி தெரியும், நீ பழக்கத்துல பண்ணியிருக்க. இப்பத்தான் புடிபட்டுதா உனக்கு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்திருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லக்கா."

"பின்ன?"

"எஞ்சினியரு மைக்ரோஸ்கோப்புல காட்டினாரே, அன்னைக்கே தெரியும்."

அவள் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் இருந்தது. பிறகு விரல் விட்டு நாள் எண்ணினாள். எண்ணி முடிக்கவில்லை.

"அவரு உன்னக் கேட்டாரே. தொட்டீங்களான்னு. அதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

"முன்னாடி."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். துடைப்பத்தால் அடித்திருந்தால்கூடக் காலில் விழுந்து அழுதிருப்பேன். அவள் என் மடியில் இருந்த காகிதக் கட்டை எடுத்து மற்றதோடு சேர்த்து வைத்தாள். அப்போது இருமல் பிடித்துக்கொண்டது. விடவில்லை. சுவரில் கை ஊன்றிக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வழிய இருமினாள். நான் ஓடிப் போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன்.

வாங்கவில்லை. இருமல் அடங்கினதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்க வெச்சுட்டுப் போ," என்றாள்.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை நான் கம்பெனிக்குள் நுழைந்தபோது அவள் எனக்கு முன்னாலேயே வந்து, துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டு, மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள்.